மணலைப் படித்த பொறியாளர்

பெண்ணாடத்தை அடுத்து ஓடும் வெள்ளாற்றில் கோடையில் கண்ணுக்குத் தெரிவது மணற்பரப்பு. கார்த்திகை வெள்ளத்தில் தெரிவது அம்மணலைச் சுமந்துவரும் கலங்கல் நீர். ஓட்டம் விரைந்தால் நீர் மணலை அள்ளிச் செல்லும். தளர்ந்தால் வழியிலேயே இறக்கிவிடும். இவ்வியல்பை ஆற்றங்கரைகளில் நின்று கற்றவர் ஆர்தர் காட்டன்.

1803ஆம் ஆண்டு மே 15இல் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், பதினெட்டாம் வயதில், 1821இல், சென்னை வந்து பொறியாளர் படையில் பணியாற்றினார். 1820களின் இறுதியில் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது தஞ்சை வறட்சியின் விளிம்பில் இருந்தது. திருவரங்கத்திற்கு மேற்கே ஆறு இரண்டாகப் பிரியுமிடத்தில், சரிவு மிகுந்த கொள்ளிடம் பெரும்பகுதி நீரை ஈர்த்துக்கொண்டது. காவிரியில் நீர் குறைய, ஓட்டம் தளர்ந்தது. ஓட்டம் தளர, மணல் படிந்தது. மணல் படியப் படிய, நீர்வரத்து மேலும் குன்றியது.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டுவதே அவர் கண்ட தீர்வு. ஆனால், ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் இடுவது எங்ஙனம்? கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை அவருக்கு ஆசானாயிற்று. மணலில் இட்ட பெருங்கற்கள் தாமே அமிழ்ந்து உறுதிபெற்றதை அங்கே உணர்ந்தார். பழந்தமிழ்க் கட்டுமானரிடம் கற்றதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பெருந்தன்மை அவருடையது.

1836இல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. ஆயினும், காவிரிக்கு நீர் திரும்பினால் கொள்ளிடத்தை நம்பிய சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் உழவர் என்செய்வர்? அவர்களுக்காகவே அணைக்கரையில் கீழணை அமைந்தது. ஒரு கரையின் விளைச்சல் மறுகரையின் வறட்சியாகக் கூடாது என்னும் கவனம் அத்திட்டத்திலேயே இருந்தது.

ஆறு அதோடு அடங்கிவிடவில்லை. மணல் குறைந்து வேகம் மிகுந்த நீர் காவிரிப் படுகையை அரிக்கத் தொடங்கியது. முன்பு மணல் மிகுந்து துன்பம். இப்போது மணல் அரிபட்டுத் துன்பம்! மேலணையின் நடுப்பகுதி 1843இல் தாழ்த்தப்பட்டது. காவிரியின் தலைப்பிலும் 1845இல் தடுப்பணை எழுப்பப்பட்டது.

உடல்நலம் குன்றியும் காட்டன் ஓயவில்லை. 1847இல் தவளேசுவரத்தில் கோதாவரி அணையைத் தொடங்கினார். அது 1852இல் நிறைவுற்றது. பஞ்சத்தில் வாடிய கோதாவரிக் கழிமுகம் நெற்களஞ்சியமாயிற்று. அவர் எண்ணியவை அனைத்தும் கைகூடின என்று கூறவியலாது. அவர் ஊக்குவித்த கர்நூல்–கடப்பைக் கால்வாய் பெரும் பொருளிழப்பில் முடிந்தது. இருப்புப்பாதைகளைவிடக் கால்வாய்களே நாட்டுக்கு முதன்மை என்று இறுதிவரை வாதிட்டார். அரசோ இருப்புப்பாதைகளுக்கே மிகுதியாகச் செலவிட்டது. 1861இல் சர் பட்டம் பெற்ற அவர், 1899ஆம் ஆண்டு ஜூலை 24இல் இங்கிலாந்திலுள்ள டார்க்கிங்கில் காலமானார்.

கீழணையிலிருந்து பிரியும் வடவாறு இன்றும் வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் அவ்வேரிநீர் குழாய்வழியே சென்னைக்கும் செல்கிறது. வடவாற்று நீருடன் வந்த வண்டல் ஏரியின் அடியில் படிந்து, அதன் கொள்ளளவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.