பனிமலைப் பாதுகாவலர் புனித பெர்நார்து

ஆல்ப்ஸ் மலை என்றதும் வெண்பனி போர்த்த சிகரங்களின் எழில்தான் நம் கண்முன் தோன்றும். ஆனால் அந்த வெண்மைக்குள் மரணமும் மறைந்திருக்கிறது. அந்த மரணத்தின் பாதையிலேயே ஒரு வீட்டைக் கட்டி, வழிப்போக்கரைக் காத்தவர் புனித பெர்நார்து.

பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர், இன்று இத்தாலியில் உள்ள ஆவோஸ்தா நகரில் தலைமைத் திருத்தொண்டராகப் பணியாற்றினார். செல்வக் குடும்பத்தில் பிறந்த இவர், திருமணத்தை மறுத்து இரவில் ஜன்னல் வழியே தப்பினார் என்றொரு கதை உண்டு. அது பிற்காலத்தில் எழுந்த கதை என்பர் வரலாற்றாசிரியர். அவர் விட்டுச் சென்ற வீடே அவர் பெருமைக்குப் போதிய சான்று.

ஆவோஸ்தாவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குச் செல்லும் மலைக்கணவாய் ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில் உள்ளது. ரோமாபுரிக்குச் செல்லும் திருயாத்திரிகரும் வணிகரும் இவ்வழியே நடந்தனர். அவர்களுக்குக் கொள்ளையர் பயம் ஒருபுறம். பனிச்சரிவுப் பயம் மறுபுறம்.

பனிச்சரிவு எவ்வாறு உண்டாகிறது? குளிர்காலப் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியிலுள்ள ஓர் அடுக்கு சில வேளைகளில் சர்க்கரை போல உதிரியாகிவிடும். காற்று வாரி வந்த புதுப்பனி அதன்மேல் பலகைபோல் இறுகும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒருவர் கால் வைத்தாலே அந்தப் பலகை பிளந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் மூடிவிடும். புதையுண்டவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டியெடுக்காவிடில் அவர் பிழைப்பது அரிது.

இத்தகைய இடத்தில்தான், 1050ஆம் ஆண்டு வாக்கில், பெர்நார்து சத்திரத்தை நிறுவினார். ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி யாவருக்கும் உணவும் படுக்கையும் கிடைத்தன. அவருக்குப்பின் அவ்வில்லத்துத் துறவியர் மூடுபனியில் மணி அடித்தும், பாதை காட்டியும், புதையுண்டவரைத் தேடியும் உழைத்தனர். பிறரைக் காக்கச் சென்று பனியில் மாண்டவரும் அவர்களுள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு முதல் அவர்கள் வளர்த்த நாய்கள் உலகப் புகழ் பெற்றன. அவற்றுள் 1814இல் இறந்த பேரி என்ற நாய் நாற்பது பேரைக் காப்பாற்றியதாகச் சொல்வர்.

பெர்நார்து இத்தாலியின் நொவாரா நகரில் உயிர் நீத்தார். 1681இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. மலையேறுவதில் வல்லவரான பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், 1923இல் அவரை ஆல்ப்ஸ் மலைவாசிகளுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

1964இல் அம்மலையைக் குடைந்து சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. மீட்புப் பணிக்கு இன்று ஹெலிகாப்டர்கள் வருகின்றன. ஆயினும் குளிர்காலத்தில் பனிச்சறுக்கில் ஏறி வருவோரை அவ்வில்லம் இன்றும் வரவேற்கிறது.

அன்புத் தோழியரே! பனி பொழிவதைப் பெர்நார்தால் நிறுத்த முடியவில்லை. ஆனால் ஆபத்து இருந்த இடத்துக்கே சென்று ஒரு கதவைத் திறந்து வைத்தார். துன்புறுவோர் நம்மைத் தேடி வரும்வரை காத்திராமல், அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாமும் செல்வோமாக!