டார்வின் கடைசிவரை தேடிய டாக்டர்

1831-ம் ஆண்டின் கடைசி வாரங்கள். இங்கிலாந்தின் பிளைமவுத் துறைமுகத்தில் பீகிள் என்ற கப்பல் நிற்கிறது. வானிலை சரியில்லாததால் பயணம் தள்ளித் தள்ளிப் போகிறது. அதில் ஏறக் காத்திருந்த 22 வயது இளைஞருக்கு நெஞ்சு படபடக்கிறது, வலிக்கவும் செய்கிறது. இது இதய நோய்தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் காட்டலாம். ஆனா, காட்டப் போய் அவர் கப்பலில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே டாக்டர் பக்கம் போகவில்லை. டிசம்பர் 27-ல் கப்பல் கிளம்பியது, அவரும் கிளம்பிவிட்டார்.

அந்த இளைஞர்தான் சார்லஸ் டார்வின். பரிணாமக் கோட்பாட்டைத் தந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஐந்து ஆண்டு கப்பல் பயணம் முடித்துத் திரும்பியவரின் மீதி வாழ்க்கையில் பெரும்பகுதி வயிற்று வலி, வாந்தி, படபடப்பு, காரணமில்லாத பயம் ஆகியவற்றோடுதான் கழிந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதைவிடக் குறைவாகத் தெரிந்த விஷயம், நம்பிப் போகக்கூடிய ஒரு டாக்டருக்காக அவர் அலைந்த அலைச்சல்.

வீட்டிலேயே டாக்டர்

தாத்தா எராஸ்மஸ் டார்வின் டாக்டர். அப்பா ராபர்ட் டார்வின் ஷ்ரூஸ்பரி ஊரில் பேர் பெற்ற டாக்டர். பையனும் அதையே படிக்கட்டும் என்று 1825-ல், 16 வயதில், எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போனார். அதில் ஒன்று ஒரு குழந்தைக்கு. குளோரோஃபார்ம் புழக்கத்துக்கு வர இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. முடியும் வரை நிற்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார். 1827-ல் படிப்பையும் விட்டுவிட்டார்.

ஆக, மருத்துவம் கொஞ்சம் தெரியும், முழுசாகத் தெரியாது. நோயாளிக்கு இது ரொம்பவே சங்கடமான நிலை. டாக்டர் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

1839-ல் தாய்மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட்டைத் திருமணம் செய்துகொண்டார். 1842-ல் லண்டன் நெரிசலை விட்டு டவுன் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். அதற்குள் உடம்பு மோசமாகியிருந்தது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு உப்பும், வலிக்கும், வாந்தி வரும். தலைவலி, நடுக்கம், தோலில் தடிப்பு, கண்முன் கரும்புள்ளிகள். நண்பர்கள் வீட்டுக்கு வந்து உற்சாகமாகப் பேசிவிட்டுப் போனால், அதன்பிறகு உடம்பு நடுங்கி வாந்தி எடுப்பார். அவர் படிப்பறையின் ஒரு மூலையைத் தடுத்து, அவசரத்துக்கென்று ஒரு தொட்டியும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். அந்த அறையில்தான் பல புத்தகங்கள் எழுதப்பட்டன.

இன்னொரு கொடுமை, பார்ப்பவர்களுக்கு அவர் நல்ல ஆரோக்கியமாகத் தெரிந்தார். கன்னத்தில் நிறம் இருந்தது. பெரும்பாலானவர்கள் தன்னை நடிக்கிறவன் என்று நினைக்கிறார்கள் என்று நண்பர் ஹூக்கரிடம் வருத்தப்பட்டிருக்கிறார். வெளியே தெரியாத வலியோடு ஆபீஸ் போய் வருகிற யாருக்கும் இது புதிதாக இருக்காது.

இத்தனைக்கும் நடுவில் அவர் முழுசாக நம்பிய டாக்டர் ஒருவர்தான், அவருடைய அப்பா. 1848 நவம்பரில் அப்பா இறந்தார். டார்வினின் உடம்பு இருந்த இருப்பில், இறுதிச் சடங்குக்குக்கூட நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. ஒரே நாளில் தகப்பனும் போய், டாக்டரும் போய்விட்டார்.

தண்ணீர் வைத்தியம்

அந்தக் குளிர்காலத்தில் தான் செத்துக்கொண்டிருப்பதாகவே டார்வின் நினைத்தார். அப்போது கப்பல் நண்பர் சலிவனும், உறவினர் ஃபாக்ஸும் ஒரு பேரைச் சொன்னார்கள். மால்வெர்ன் என்ற மலையடிவார ஊரில் ஜேம்ஸ் மான்பி கல்லி என்ற டாக்டர் தண்ணீரை வைத்தே வைத்தியம் செய்கிறார் என்று. கவிஞர் டென்னிசன் போன்ற பிரபலங்கள் போய் வந்த இடம். டார்வின் உடனே கிளம்பிவிடவில்லை. முதலில் கல்லியின் புத்தகத்தை வாங்கிப் படித்தார், நாலு பேரிடம் விசாரித்தார். பிறகுதான் 1849 மார்ச்சில் மனைவி, குழந்தைகள், வேலைக்காரர்கள் என்று மொத்த வீட்டையும் கிளப்பிக்கொண்டு மால்வெர்னுக்குப் போனார்.

காலை ஏழு மணிக்கு முன்பே எழுப்பி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த முரட்டுத் துணியால் உடம்பு சிவக்கும்வரை தேய்ப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீர், உடனே நடை. வயிற்றில் நாள் முழுக்க ஈரத்துணிக் கட்டு. பாதங்களைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்க வேண்டும். சர்க்கரை, வெண்ணெய், மசாலா எதுவும் கிடையாது. ஆராய்ச்சி வேலையும் கிடையாது. தோலுக்கு ரத்தத்தை இழுத்துவிட்டால் வயிற்றில் நெரிசல் குறையும் என்பது கல்லியின் கணக்கு. கூடவே ஹோமியோபதி மருந்தும் கொடுத்தார். டார்வினுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை, ஆனாலும் மறுக்காமல் விழுங்கினார்.

குணம் தெரிந்தது. வாந்தி குறைந்தது, பல மைல் நடக்க முடிந்தது. ஜூன் முடிவில் வீடு திரும்பியதும் தோட்டத்திலேயே ஒரு குளியல் குடிசை கட்டி, மேலிருந்து குளிர்ந்த தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டார். அதைவிட முக்கியமாக, 1849 ஜூலை 1 முதல் ஒரு நோட்டு போட்டார். ஒவ்வொரு பகலும் இரவும் எப்படி இருந்தது, என்ன சிகிச்சை செய்தார் என்று சுருக்கமாகக் குறிப்பு. நன்றாக இருந்த நாளுக்குத் தனி அடையாளம். மாத முடிவில் நல்ல நாட்களின் கூட்டுத்தொகை. 1855 ஜனவரி வரை இதை விடாமல் எழுதினார். இன்று போனில் ஹெல்த் ஆப் வைத்திருப்பவர்கள் செய்கிற அதே வேலைதான். ஒரே வித்தியாசம், அவரிடம் இதைக் காட்டிப் பதில் கேட்க ஆள் இல்லை.

கல்லியை ஒரு மனிதராக அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் கல்லி ஆவேசக் குறி சொல்கிறவர்களையும், மெஸ்மரிசத்தையும் நம்பியது பிடிக்கவில்லை. நோயுற்ற சொந்த மகளுக்கே இதையெல்லாம் ஒன்றாகச் செய்து பார்த்தவர் அவர். குணமானால் எது குணப்படுத்தியது என்று எப்படித் தெரியும் என்பதுதான் டார்வினின் எரிச்சல். ஃபாக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் கிண்டலாகவே கொட்டியிருக்கிறார்.

அப்படி எரிச்சல்பட்டவரே, தன் மகளுக்கு முடியாமல் போனபோது அதே டாக்டரிடம்தான் அனுப்பினார். மூத்த மகள் ஆன்னி, 10 வயது, அப்பாவின் செல்லம். 1851 மார்ச்சில் மால்வெர்னுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முதலில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஏப்ரலில் திடீரென்று காய்ச்சலும் வாந்தியும். டார்வின் ஓடிப்போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த எம்மா டவுனில் கடிதத்துக்காகக் காத்திருந்தார். கல்லி அடிக்கடி வந்து பார்த்தார், நம்பிக்கை சொன்னார். ஏப்ரல் 23-ல் ஆன்னி இறந்துபோனாள்.

டார்வின் கல்லியைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் மால்வெர்ன் பக்கம் திரும்ப அவருக்கு 12 ஆண்டு ஆனது. தன் உடம்பில் இருந்த கோளாறுதான் மகளுக்கும் போய்விட்டதோ என்ற பயம் அதன்பிறகு அவரை விடவே இல்லை. சொந்தத்தில் திருமணம் செய்ததால்தான் பிள்ளைகளுக்கு இப்படி ஆகிறதோ என்று கவலைப்பட்டு, 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதுபற்றி ஒரு கேள்வி சேர்க்க வைக்கவும் முயன்றார். நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

தெரியாததைத் தெரியாது என்றவர்

1857-ல் மறுபடி தேடல். இந்த முறை ஃபார்ன்ஹாம் ஊருக்கு அருகே மூர் பார்க்கில் தண்ணீர் வைத்தியம் நடத்திய எட்வர்ட் லேன். வயதில் மிக இளையவர், அதுதான் அவரிடம் டார்வின் கண்ட ஒரே குறை. கல்லி நம்பிய மாய மந்திரமெல்லாம் லேனிடம் இல்லை. எந்த டாக்டராலும் விளக்க முடியாததை, தான் விளக்குவதாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. டார்வினுக்குப் பிடித்துப்போனது அதுதான். மனுஷர் அங்கே பில்லியர்ட்ஸ் ஆடினார், காட்டில் நடந்தார், நாவல் படித்தார். படபடப்பு அடங்கியது.

லேனும் அவரைக் கவனித்திருக்கிறார். இத்தனை கடுமையான வலியை வேறு எந்த அஜீரண நோயாளியிடமும் பார்த்த நினைவில்லை என்று டார்வின் இறந்தபிறகு பதிவு செய்தார். யாரோ ஒரு டாக்டர் அந்த வலியை அப்படியே நம்பியிருக்கிறார்.

1858-ல் லேன் மீது பெரிய புயல் அடித்தது. லண்டனில் புதிதாகத் திறந்திருந்த விவாகரத்து நீதிமன்றத்தில், இசபெல்லா ராபின்சன் என்ற பெண்ணின் டைரியை வைத்து, அவருக்கும் லேனுக்கும் தொடர்பு என்று அவர் கணவர் வழக்குப் போட்டார். பத்திரிகைகள் டைரியைப் பக்கம் பக்கமாக வெளியிட்டன. டார்வின் லேனைக் கைவிடவில்லை, அவர் நிரபராதி என்றே நம்பினார். வழக்கு கடைசியில் தள்ளுபடியானது.

இதற்கு நேர் எதிர் அனுபவம் 1859-ல். உயிரினங்களின் தோற்றம் நூலின் அச்சு வேலை முடிந்த கையோடு, நொறுங்கிப்போன உடம்பை இல்க்லி ஊரில் எட்மண்ட் ஸ்மித் என்ற டாக்டரிடம் கொண்டுபோனார். நவம்பர் 24-ல் புத்தகம் வெளியானபோது ஆசிரியர் அங்கேதான், கணுக்கால் சுளுக்கு, முக வீக்கம், தடிப்போடு கிடந்தார். அந்த டாக்டருக்கு நோயாளியைவிட ஃபீஸில்தான் அக்கறை என்று தோன்றியதால், பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஐஸ் பை, பட்டினி, குதிரை

1863 முதல் மூன்று ஆண்டு மிக மோசம். மால்வெர்னுக்கு மறுபடி போய்ப் பார்த்தார்கள், பலனில்லை. லண்டன் நிபுணர்கள் பிரின்டன், ஜென்னர் என்று வரிசையாக வந்தார்கள். 1865-ல் ஜான் சாப்மன் என்பவர் முதுகெலும்பில் ஐஸ் பை வைக்கச் சொன்னார். அவருக்காக டார்வின் தன் நோயைக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். 25 ஆண்டு வயிற்று உபத்திரவம், அடக்க முடியாத அழுகை, செத்துவிடுவோம் என்ற உணர்வு, எம்மா விட்டுப்போனால் வருகிற பதற்றம் எல்லாம் அதில் உண்டு. உலகமே தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு ஆண் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதித் தந்தது சாதாரண விஷயம் இல்லை. ஐஸ் ஒத்து வரலை, சில வாரத்தில் விட்டுவிட்டார்.

அடுத்து வந்த பென்ஸ் ஜோன்ஸ் அரைப்பட்டினி டயட் போட்டார், பிறகு குதிரை ஏறச் சொன்னார். ஓரளவு தேறினார். 1866-ல் ராயல் சொசைட்டி விருந்துக்குப் போனபோது, தாடி வளர்த்திருந்த அவரைப் பழைய நண்பர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

சரி, என்னதான் நோய்? இன்றுவரை தீர்ப்பு இல்லை. தென் அமெரிக்காவில் 1835-ல் ஒரு பெரிய பூச்சி கடித்ததை அவரே பதிவு செய்திருப்பதால், அது பரப்பும் சாகஸ் நோய் என்று 1959-ல் சால் ஆட்லர் சொன்னார். ஆனால் பிளைமவுத் படபடப்பு அதற்கு நாலு வருஷம் முந்தையது. பேனிக் அட்டாக், பால் ஒவ்வாமை, குடல் அழற்சி என்று வேறு பட்டியலும் உண்டு. உடம்பா மனசா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கப் பார்ப்பதே தப்பாக இருக்கலாம்.

கடைசி டாக்டர்கள்

1873-ல் நண்பர் ஹக்ஸ்லி மூலம் ஆண்ட்ரூ கிளார்க் வந்தார், லண்டனின் முன்னணி டாக்டர். அக்கறையாகப் பார்த்தார், ஒரு பைசா வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதுவே சிக்கல் ஆனது. காசு வாங்காத பிஸியான டாக்டரை எப்படிக் கூப்பிடுவது என்று டார்வின் ஒவ்வொரு முறையும் தயங்கினார்.

1882 மார்ச்சில் தோட்டத்து மணல்பாதையில் நடக்கும்போது நெஞ்சு வலி வந்தது. கிளார்க் வந்து பார்த்தார், இதயத்தில்தான் கோளாறு என்றார். அவர் போனபிறகு டார்வின் இடிந்துபோனார். 50 ஆண்டுக்கு முன் எந்த வார்த்தைக்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருந்தாரோ, அது வந்தே விட்டது. பிறகு நார்மன் மூர் என்ற இளம் டாக்டர் வந்தார். தைரியம் சொல்லி நிதானமாகப் பேசினார். சில நாள் டார்வின் தெம்பாக இருந்தார், தோட்டத்தில் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 19-ல், 73 வயதில், டவுன் வீட்டில் இறந்தார். பக்கத்தில் எம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.