உடலின் காவலரைக் கண்டவர்

விரலில் சிறு முள் தைத்தாலும் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. அவ்வீக்கம் உடலுக்குக் கேடு என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணினர். குருதியிலுள்ள வெள்ளணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்றும் பலர் கருதினர். அக்கருத்தை மாற்றியவர் இலியா மெச்னிகோவ்.

அவர் 1845ஆம் ஆண்டு கார்கிவ் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தார். இன்று உக்ரைனில் உள்ள அப்பகுதி, அந்நாளில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. உயிரினங்களை ஆராய்வதில் பெருவிருப்பம் கொண்ட அவர், நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர் ஒடெசாவில் பேராசிரியரானார். அவருடைய முதல் மனைவி லுத்மிலா 1873இல் காசநோயால் மறைந்தார். அந்நோய்க்கு மருந்தில்லாத காலம் அது.

1882இல் மெச்னிகோவ் பேராசிரியர் பணியைத் துறந்தார். இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில் குடும்பத்துடன் தங்கினார். ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் காணச் சென்றனர். தனித்திருந்த அவர், நட்சத்திர மீனின் இளவுயிரியை நுண்ணோக்கியில் நோக்கினார். கண்ணாடி போன்ற அதன் உடலுக்குள் சில உயிரணுக்கள் ஊர்ந்து திரிந்தன. அவை உடலைக் காப்பனவாக இருக்கலாம் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. உடனே தோட்டத்து ரோஜாச் செடியின் முட்களை எடுத்து அவ்வுயிரியின் உடலில் செருகினார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் திரண்டு நின்றன.

அடுத்து, நீர்ப்பூச்சி என்னும் சிற்றுயிரை ஆராய்ந்தார். அதன் உடலில் புகுந்த பூஞ்சை வித்துகளை உயிரணுக்கள் சூழ்ந்து விழுங்கின. அவை வென்றபோது நீர்ப்பூச்சி பிழைத்தது, தோற்றபோது மடிந்தது. நம் குருதியின் வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளை விழுங்கிக் காக்கின்றன என்று அவர் அறிவித்தார்.

ஜெர்மானிய அறிஞர் பலர் இதை மறுத்தனர். குருதிநீரில் கரைந்துள்ள பொருள்களே நோயை வெல்கின்றன என்பது அவர்கள் வாதம். மெச்னிகோவ் தளரவில்லை. 1888 முதல் பாரிஸிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தபடி, ஆய்வுகளாலேயே விடையளித்தார். 1908இல் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், எதிர்த்தரப்பைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. 1916இல் மெச்னிகோவ் பாரிஸில் காலமானார்.

இரு தரப்பும் கண்டது உண்மையே என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. குருதிநீரிலுள்ள எதிர்ப்பொருள்களை உண்டாக்குவனவும் ஒருவகை வெள்ளணுக்களே. ஆயினும், இக்காவல் சில வேளைகளில் தவறுகிறது. மகரந்தம், வேர்க்கடலை போன்ற தீங்கற்ற பொருள்களையும் பகை எனக் கொண்டு அது போரிடுகிறது. அதுவே ஒவ்வாமை. தும்மலும் தோல் தடிப்பும் அதனால் விளைகின்றன. உடலுக்குக் காவல் மட்டும் போதாது; பகை எது, பகையல்லாதது எது எனப் பிரித்தறியும் திறனும் வேண்டும்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
இளவுயிரி – முழு வளர்ச்சி அடையாத உயிர்
மகரந்தம் – பூந்தாது
ஒவ்வாமை – அலர்ஜி

வினாக்கள்
1. மெசினாவில் மெச்னிகோவ் செய்த சோதனை யாது?
2. ஜெர்மானிய அறிஞர்கள் அவர் கருத்தை ஏன் மறுத்தனர்?
3. ஒவ்வாமை எவ்வாறு உண்டாகிறது?