குதிரையின் வலியை எழுதிய அன்னா சூவெல்

அன்னா சூவெல் 1820 மார்ச் 30 அன்று இங்கிலாந்தின் நோர்போக் மாவட்டத்திலுள்ள கிரேட் யார்மவுத் என்ற கரையோர ஊரில் பிறந்தார். 14 வயதில் பாடசாலை முடிந்து வீடு திரும்பும்போது தவறி விழுந்தார். கணுக்கால்களில் ஏற்பட்ட காயம் சரியாக ஆறவேயில்லை. அதன் பின் ஊன்றுகோல் இன்றி நிற்கவோ அதிக தூரம் நடக்கவோ அவரால் முடியவில்லை.

வெளியே செல்ல அவருக்குக் கைகொடுத்தது குதிரை வண்டிதான். தந்தையைப் புகையிரத நிலையத்தில் கொண்டுபோய் விடுவதையும் மாலையில் கூட்டிவருவதையும் அவரே செய்தார். அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தவர்கள் ஒரு விடயத்தைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கடிவாள வாரை அவர் தளர்வாகவே பிடித்திருப்பார். செய்யவேண்டியதைக் குதிரையிடம் குரலாலேயே சொல்வார். குதிரையும் கேட்டு நடக்கும்.

அக்காலத்தில் செல்வந்தர்களின் வண்டிக் குதிரைகள் கம்பீரமாகத் தெரியவேண்டும் என்பதற்காக, அவற்றின் தலையை மேலே இழுத்துக் கட்டும் வார் ஒன்று பாவனையில் இருந்தது. தலையைத் தாழ்த்த முடியாத குதிரையால் மேட்டில் முழுப் பலத்தோடு இழுக்க முடியாது. கழுத்து நோகும், மூச்சு முட்டும். வாய் பேசாத விலங்கு அதை யாரிடம் முறையிடும்?

1871 இல், நோய் முற்றி வீட்டோடு முடங்கியிருந்த அன்னா, அந்த முறைப்பாட்டை எழுதத் தொடங்கினார். இயலாத நாட்களில் அவர் சொல்லச் சொல்லத் தாய் மேரி எழுதினார். சற்றுத் தேறிய நாட்களில் துண்டுக் காகிதங்களில் பென்சிலால் அவரே எழுதினார். தாய் அவற்றைப் படியெடுத்தார். 1877 நவம்பரில் 'பிளாக் பியூட்டி' நாவல் வெளிவந்தது. அதில் கதையைச் சொல்வது குதிரையேதான்.

அந்த நாவலில் கப்டன் என்றொரு கிழட்டுக் குதிரை வருகிறது. கிரைமியப் போரில் தன் முதுகிலிருந்த எசமானைக் குண்டுக்குப் பறிகொடுத்துத் திரும்பிய குதிரை அது. போர் எதற்காக நடந்தது என்று கேட்கும்போது அதற்குத் தெரியவில்லை. போருக்குள் வாழ்ந்தவர்கள் அந்தப் பகுதியை எளிதில் கடந்துபோக மாட்டார்கள்.

நூல் வெளியாகி ஐந்தே மாதங்களில், 1878 ஏப்ரல் 25 அன்று, 58 வயதில் அன்னா காலமானார். இறுதி ஊர்வல வண்டியின் குதிரைகளுக்கும் அதே வார் பூட்டப்பட்டிருந்ததாகவும், அதைக் கண்ட தாய் உடனே கழற்றச் சொன்னதாகவும் கூறப்படுகிறது.

1890 இல் அமெரிக்காவில் விலங்குநல ஆர்வலர் ஜோர்ஜ் ஏஞ்சல் அந்த நூலை மலிவு விலையில் பதிப்பித்துப் பரப்பினார். தலையை இழுத்துக் கட்டும் வழக்கத்துக்கு எதிரான குரல் வலுத்தது. காலப்போக்கில் அந்த வழக்கமும் அருகியது. அன்னா எழுதிய நாவல் அது ஒன்றுதான். தன் வலியை அறிந்தவர் மற்றோர் உயிரின் வலிக்குக் காதுகொடுத்தார். அதுவே அந்த நூலாயிற்று.