தங்கத் தாத்தாவும் தோட்டத்துப் பிள்ளைகளும்

ஈழத்துச் சிறுவர் உள்ளங்களிலே தங்கத் தாத்தா என்ற பெயரோடு வாழ்பவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். யாழ்ப்பாணத்து நவாலிக் கிராமத்திலே 1878ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் பிறந்த அன்னார், வட்டுக்கோட்டையிலே நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்தார். கதிர்காமத்தைப் பற்றிப் பண்டிதர் மெச்சும் சிலேடை வெண்பா இயற்றிய அதே புலவர், கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாலருக்காகப் பாடினார். குழந்தைகளுக்குப் பாடுவதை அவர் தாழ்வாகக் கருதவில்லை. பனையின் பயனை வியந்து 'தால விலாசம்' என்றொரு நூலும் செய்தார்.

புலவரை நான் நேரிற் கண்டவனல்லன். அவரை உள்ளபடி எனக்கு உணர்த்தியவர்கள் கேகாலைப் பகுதியிலே ஓர் இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். 1980களிலே அங்கு நான் ஆசிரியனாக இருந்தேன். நன்றி என்னும் பொருளிலே ஆளுக்கொரு பாட்டெழுதி, படமும் வரைந்து, கையெழுத்துத் தொகுப்பொன்று ஆக்குவோம் என்று வகுப்பிலே கூறினேன். வழிகாட்டியாகப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன்.

பிள்ளைகள் ஆவலோடு பாடினார்கள். ஆனால், பனங்கட்டி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. செய்ந்நன்றிக்கு வள்ளுவர் தினையையும் பனையையும் அளவாகக் காட்டினார். பனையைக் கண்டறியாத பிள்ளைக்குப் பனையளவை எவ்வாறு விளக்குவது?

அதனினும் கடினமான கேள்வி ஒன்று அப்பொழுது எழுந்தது. பால்வெட்டும் தொழிலாளியின் மகள் ஒருத்தி எழுந்து, நாங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்கிறீர்களே, சேர், எங்கள் அம்மாவுக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று கேட்டாள். என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அவர்களுடைய முன்னோரின் உழைப்பால் நாடு செழித்தது. ஆயினும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோரின் குறை தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

அன்றிரவு அப்பாட்டை மீண்டும் படித்தேன். அதிலே அரசனுக்கோ வள்ளலுக்கோ வாழ்த்தில்லை. மாவும் தேங்காயும் கூழும் கொழுக்கட்டையுமாக ஒரு வீட்டின் அடுப்படியே அங்கு நிறைந்திருக்கிறது. தாயின் கை உழைப்பைப் பிள்ளையின் கண் ஆசையோடு பார்க்கிறது. நன்றி பிறக்கும் இடம் அதுவே என்று எனக்குத் தோன்றிற்று.

மறுநாள் வகுப்பிலே, கூழ் குடிக்கப் பலாவிலை கோலும் பகுதியை எடுத்துக் கொண்டேன். பனையில்லாத அந்த மலைச்சாரலிலே பலாவுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் இலை பறித்து வந்து கோலினார்கள். பனங்கட்டிக்கு ஈடாகக் கித்துள் கருப்பட்டியும் வந்து சேர்ந்தது. பிறகு எழுதினார்கள். முந்திய நாள் கேள்வி கேட்ட சிறுமி, இருள் பிரியாத வேளையிலே மரத்தடியிற் சிரட்டையோடு நிற்கும் தன் தாயை வரைந்திருந்தாள். அதையே தொகுப்பின் முதற் பக்கமாக்கினோம்.

புலவர் 1953ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, மறைந்தார். அவருடைய பிள்ளைப் பாடல்கள் 1955இலே 'சிறுவர் செந்தமிழ்' என்ற பெயரில் நூலாக வெளிவந்தன. ஆசிரிய அன்பர்கள் இனி ஆடி முதல் நாளிலே அந்தப் பாட்டைக் கற்பிக்கும்போது, கூழ் காய்ச்சிய கை யாருடையது என்றும் பிள்ளைகளைக் கேட்பார்களாக.