கிளிஞ்சல் தேடி வந்தவர்

1877ஆம் ஆண்டு ஜூன் மாதம். யோக்கோகாமாவிலிருந்து தோக்கியோ நோக்கிச் சென்ற தொடர்வண்டியின் சன்னலோரம் அமெரிக்க விலங்கியல் அறிஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். ஓமோரி என்னும் ஊரருகே, இருப்புப்பாதைக்காக வெட்டப்பட்ட மண்கரையில் கிளிஞ்சல்கள் அடுக்கடுக்காய்ப் புதைந்திருக்கக் கண்டார். அப்பாதையில் ஐந்தாண்டுகளாக வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. எத்தனையோ கண்கள் அக்கரையைப் பார்த்திருக்கும். அது பழங்கால மாந்தர் உண்டு எறிந்த சிப்பிகளின் குவியல் என்று உணர்ந்தவர் எட்வர்டு சில்வெஸ்டர் மோர்ஸ் ஒருவரே.

மோர்ஸ் 1838இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் பிறந்தார். அடங்காத சிறுவன் எனப் பள்ளிகள் அவரை வெளியேற்றின. ஆயினும் கடற்கரையில் அவர் திரட்டிய கிளிஞ்சல்களைக் காண அறிஞர்கள் வீடு தேடி வந்தனர். தொடர்வண்டிப் பொறிகளின் வரைவாளராகப் பணியாற்றியவர், பின்னர் ஆர்வர்டில் லூயி அகாசியின் உதவியாளரானார். கரும்பலகையில் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் வரையும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

பிராக்கியோபாடு எனப்படும் ஓடுடைய கடலுயிர்களை ஆராயவே அவர் சப்பான் சென்றார். தோக்கியோ பல்கலைக்கழகம் அவரை விலங்கியல் பேராசிரியராக்கியது. ஓமோரி மேட்டை அகழ்ந்தபோது கயிற்றுத் தடம் பதிந்த பானை ஓடுகள் கிடைத்தன. அத்தடத்தைக் குறிக்கும் ‘சோமோன்’ என்னும் சொல்லே இன்று அந்நாட்டின் ஒரு தொல்காலத்திற்குப் பெயராக நிற்கிறது.

உடல்நலம் கருதி நாள்தோறும் நடந்து வந்த அவர், கடையொன்றில் சிப்பி வடிவிலான சிறு தட்டைக் கண்டு வாங்கினார். கிளிஞ்சல் மீதிருந்த காதல் மட்பாண்டத்தின் மீது தாவியது. நினாகாவா நோரிதானே என்னும் அறிஞரிடம் மாணவராக அமர்ந்து, ஒரு கலம் எவ்வூரில், எக்காலத்தில் வனையப்பட்டது என அறியக் கற்றார். ஏறத்தாழ ஐயாயிரம் கலங்களைச் சேர்த்தார். சப்பானின் செல்வங்கள் வெளிநாட்டாரால் வெளியேறுகின்றனவே என்று வருந்தியவரும் அவரே. அவர் திரட்டிய கலங்களோ 1892இல் பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இம்முரணை மறைக்க வேண்டியதில்லை.

கலைப்பொருள்களைச் சேர்த்த வெளிநாட்டார் பலர். மோர்ஸோ தேய்ந்த மரச்செருப்பு, சீப்பு, விளக்கு, தச்சர் கருவி, விளையாட்டுப்பொருள், கடைப்பலகை என அனைத்தையும் திரட்டினார். கண்ணாடிப் புட்டியில் இனிப்பு உருண்டைகளையும் பாதுகாத்தார். மேலைநாட்டு முறைகளை விரைந்து ஏற்ற அந்நாளில், இவற்றை வைத்துக்காக்கத் தக்கவை என எண்ணியவர் சிலரே.

1886இல் சப்பானிய வீடுகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். பாய்களின் எண்ணிக்கையால் அறையை அளக்கும் வழக்கம், தாள் ஒட்டிய சறுக்குக் கதவு, சமையற்கட்டு, கிணறு, கழிப்பறை வரை அனைத்தையும் தம் கையாலேயே வரைந்து காட்டினார். அரண்மனைகளைவிட எளியோர் இல்லங்களிலேயே அவர் கண் நிலைத்தது.

நாட்குறிப்புகள் மட்டும் மூவாயிரத்தைந்நூறு பக்க அளவில் வெளிவராமல் கிடந்தன. முதுமையிலும் அவர் கடலுயிர் ஆய்விலேயே மூழ்கியிருந்தார். சப்பானில் உடன் பயணம் செய்த நண்பர் பிகலோ அவரைக் கடிந்து மடல் எழுதினார். சிற்றுயிர்களைப் பிறரும் ஆராயலாம். தாம் இருவரும் கண்ட சப்பான் அழிந்துபட்ட உயிரினம் போல மறைந்து வருகிறது. அதனை எழுத மோர்ஸைவிடத் தக்கவர் இல்லை என்பது அம்மடலின் சாரம். மோர்ஸ் இணங்கினார். 777 படங்களுடன் இரு தொகுதிகளாக அக்குறிப்புகள் 1917இல் அச்சேறின. அப்போது அவருக்கு அகவை எழுபத்தொன்பது.

1923இல் பெருநிலநடுக்கமும் தீயும் தோக்கியோ பல்கலைக்கழக நூலகத்தை அழித்தன. செய்தியறிந்த மோர்ஸ், தம் நூல்கள் அனைத்தும் அப்பல்கலைக்கழகத்திற்கே உரியவை என உயில் எழுதினார். 1925 டிசம்பரில் சேலம் நகரில் அவர் மறைந்தபின் அந்நூல்கள் கடல் கடந்து தோக்கியோ சென்றன. அமெரிக்காவின் அதே சேலம் நகர அருங்காட்சியகத்தில் தேய்ந்த செருப்புகளும் இனிப்புப் புட்டியும் தங்கிவிட்டன. நூறாண்டுகளுக்கும் மேல் கடந்து, 2013இல் அவர் திரட்டிய பொருள்கள் தோக்கியோவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தம் முன்னோரின் அன்றாட வாழ்வைக் காண அந்நகரத்து மக்கள் அங்குக் கூடினர்.