மன்றோ தம்பதிகளின் படங்கள்

சென்னைத் தீவுத்திடலில் குதிரைமீது தனித்து வீற்றிருக்கும் சர் தாமஸ் மன்றோ துரையை அறியாதார் யார்? சேணமில்லை, அங்கவடியில்லை என்று குதிரையையே பேசிக் கழிவது நம்மவர் வழக்கம். 1761-ம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிற் பிறந்த அவர், 1780-ல் சென்னைப் படையிற் சேர்ந்து, பின்னர்க் குடிகளோடு நேரே வரி பேசும் ரயத்துவாரி முறையை நிலைபெறச் செய்தார். இல்வாழ்க்கையோ தாமதித்தே வாய்த்தது. 1814-ல், ஐம்பத்திரண்டு வயது நிரம்பியபின், ஜேன் காம்பெல் அம்மையாரை மணந்தார். 1820-ல் கவர்னரானார். அவர் நாட்டு ஓவியர் ரேபர்ன், கணவன் மனைவியரை ஒரே படத்தில் எழுதிப் புகழ்பெற்றவர். மன்றோ தம்பதிகளையோ வெவ்வேறு ஓவியர் தனித்தனியே எழுதினர். துரையை ஷீ, அம்மையாரை லாரன்ஸ். 1826-ல் நோயுற்ற மைந்தனோடு அம்மையார் சீமைக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு ஜூலை 6-ம் நாள், சுற்றுப்பிரயாணத்தின்போது பத்திகொண்டாவில் துரை வாந்திபேதி கண்டு உயிர்நீத்தார். அம்மையார் அருகில் இல்லை.